மோட்டார் பெட்டியைத் திறந்தவர்

அத்தியாயம் 14

ஒரு வாரமாக அந்த வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, ரத்தினசாமியைத் தவிர.

காரணம் ஒரு சுவிட்ச். வாசலை ஒட்டித் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து மாடி டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் ஆட்டோ சுவிட்ச். சம்ப்பில் தண்ணீர் ஏறினால் மோட்டாரைத் தானே ஓடவிட்டு, வற்றினால் தானே நிறுத்த வேண்டிய மிதவை அது. மூன்று மாதமாக வேலை செய்யாமல் சும்மா மிதந்துகொண்டிருந்தது.

“ஆட்டோவெல்லாம் வேலைக்கு ஆவாது. கையாலதான் போடணும், கையாலதான் அணைக்கணும்” என்று ரத்தினசாமி தீர்ப்புச் சொல்லி, மிதவையைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்துவிட்டார். அப்புறம் அந்த வீட்டுப் பெண்கள் அடுப்பில் ஒரு கண்ணும் மோட்டாரில் ஒரு கண்ணுமாகக் காலம் தள்ளினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி மனைவி சௌமியா, பழைய மிதவையைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்து மாட்டினாள். மொத்தம் முக்கால் மணி நேரம்.

அந்த முக்கால் மணி நேரம்தான் ரத்தினசாமியின் தொண்டையில் சிக்கிக்கொண்டு ஒரு வாரமாக இறங்க மறுக்கிறது.

அவருக்கு நாற்பத்தேழு வயது. ஆம்பூரில் ஒரு டேனரியில் ஃபிட்டர். தோல் ஊறும் பெரிய பெரிய டிரம்களை ஓட வைக்கிறவர். இருபது வருடமாக அந்தத் தெருவில் எந்த வீட்டில் ஃபேன் நின்றாலும், எந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும், “ரத்தினம் அண்ணனைக் கூப்பிடு” என்பதுதான் பேச்சு. அதற்காக யாரிடமும் பத்துப் பைசா வாங்கியதில்லை. கூப்பிடுகிறார்களே, அதுதான் அவருக்குக் கூலி.

சௌமியா ஒடுகத்தூர்ப் பெண். வேலூரில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். கல்யாணமாகி எட்டு மாதம், ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்து நாலு மாதம். அந்த வேலையில் அவள் கணவன் கௌதமுக்குப் பாதி மனசுதான் என்பதும், ரத்தினசாமியின் மனைவி முத்துமாரி பரிந்து பேசித்தான் அவன் சம்மதித்தான் என்பதும் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த வீட்டு வழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மூத்தாரும் தம்பி மனைவியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. ரத்தினசாமி கூடத்துக்கு வந்தால் சௌமியா ஒதுங்கி நிற்பாள். அவர் அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்வார். அவளும் அக்காவிடம்தான் பதில் சொல்வாள். இரண்டு பேரும் பத்தடி தூரத்தில் நிற்க, நடுவில் முத்துமாரி தபால் பட்டுவாடா செய்துகொண்டிருப்பாள். கம்பெனியில் முப்பது ஆண்களோடு மெஷின் ரிப்பேர் பார்க்கிற பெண்ணுக்கு இது ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இன்று மறுபடியும் ஞாயிறு. அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் வருகிற நாள். போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. வாரத்துக்கு ஒருமுறை குழாயில் வருகிற தண்ணீரைச் சம்ப்பில் பிடித்து, பிடிக்கப் பிடிக்க மேலே ஏற்றினால்தான் அடுத்த ஞாயிறு வரை தாங்கும்.

காலை எட்டு மணிக்கு ரத்தினசாமி வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அன்வரி பேகம் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

“அண்ணே, சௌமியா எழுந்திருச்சா?”

“இன்னா விஷயம்மா?”

“எங்க வூட்டு மோட்டாரும் பேஜார் பண்ணுது. ஆட்டோல நிக்கவே மாட்டேங்குது.”

“தோ, வாயைக் கொப்புளிச்சிட்டு வர்றேன். பத்து நிமிஷம்.”

“ஐயோ, நீங்க எதுக்குண்ணே சிரமப்படணும்? பாப்பாவே வரட்டும். இன்னைக்குத் தண்ணி வர்றப்ப உங்க வூட்டுது எப்படி ஓடுதுன்னு நானும் வந்து பாக்குறேன். அப்புறம் அதே மாதிரி எங்களுக்கும் போட்டுக் குடுக்கட்டும்.”

அன்வரி பேகம் நல்ல மனசோடுதான் சொன்னாள். ரத்தினசாமிக்கு அது பற்பசை நுரையோடு சேர்ந்து கசந்தது. போன மாதம் வரைக்கும் அந்த வீட்டு அயர்ன் பாக்ஸிலிருந்து காலிங் பெல் வரைக்கும் பார்த்தது யார்? இவர் இல்லையா? இப்போது இவருக்குச் சிரமமாம்!

பொறாமை என்று அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ‘சின்னப் பொண்ணு, அவசரத்துல எதையாவது தப்பா மாட்டியிருக்கும், பெரியவனா நாமதான் ஒரு தடவை பாக்கணும்’ என்று பெயர் வைத்தார். பொறாமைக்கு நல்ல சட்டை போட்டுவிடுவதில் நாம் யாருமே குறைந்தவர்கள் இல்லை.

கௌதம் கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். பெண்கள் இருவரும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ரத்தினசாமி மெயினை அணைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டருமாக வாசலுக்கு வந்து, சுவரில் இருந்த மோட்டார் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

தப்பு எங்கே என்று தேடினார். இல்லை. ஒயர்கள் வரிசையாக, பின்னிய தலை மாதிரி ஒழுங்காக இருந்தன. அவர் வைத்திருந்த கந்தலை நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் உடனே கோபமாக மாறியது.

அதைவிட ஒன்று அவரைக் குத்தியது. அது பழைய வீடு. பெட்டிக்கு வருகிற ஒயர் இரண்டுமே கறுப்பு. கரண்ட் வருகிற ஒயர் எது, திரும்பிப் போகிற ஒயர் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ரத்தினசாமி டேனரியில் வெட்டிப் போட்ட தோல் துண்டில் மெல்லிசாக ஒரு நாடா கிழித்து, கரண்ட் ஒயரில் முடிச்சுப் போட்டு வைப்பார். அவர் கைபட்ட வேலை என்பதற்கு அதுதான் அடையாளம். தெருவில் பாதி வீடுகளில் அந்த முடிச்சு இருக்கிறது.

இங்கே அது இல்லை. அதற்குப் பதிலாகச் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

“என் வூட்டுல என் முடிச்சையே அவுத்துட்டாளா?” என்று வாய்விட்டே சொன்னார்.

இரண்டு ஒயரின் திருகையும் தளர்த்தி வெளியே இழுத்தார். நகத்தால் சுரண்டிச் சிவப்பு டேப்பை உரித்துக் கீழே போட்டார். சட்டைப் பையில் துழாவி ஒரு தோல் நாடாவை எடுத்தார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மிதவையிலிருந்து வருகிற ஒயரின் திருகை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டால்? தண்ணீர் வரும்போது மோட்டார் ஓடாது. அன்வரி பேகம் பார்த்துக்கொண்டிருப்பாள். சௌமியா முழிப்பாள். முத்துமாரி போன் போட்டு, “எங்க இருக்கீங்க? சீக்கிரம் வாங்க” என்பாள். இவர் மெதுவாக வந்து ஒரு திருகு திருகுவார். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

திருகைத் தளர்த்தினார்.

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. ரத்தினசாமி அவசரமாக ஒரு ஒயரில் நாடாவைக் கட்டி, இரண்டையும் செருகி முடுக்கி, மூடியைச் சாத்தி, உள்ளே ஓடி மெயினைப் போட்டுவிட்டு வாசலுக்குத் திரும்பினார். முத்துமாரி காலி வாளியோடு வந்து நின்றாள்.

“அங்க இன்னா நோண்டுறீங்க?”

“பல்லி ஒண்ணு உள்ள போச்சு.”

“பல்லிக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவரு?” என்று அவள் கேட்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

இரண்டு தெரு தள்ளி டீக்கடை. அவரோடு டேனரியில் வேலை பார்க்கும் கன்னியப்பன் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

“வாண்ணே! உங்க வூட்டுப் பொண்ணு பெரிய ஆளா இருக்குதே! என் மச்சினி அதே ஷூ கம்பெனிலதான் தையல் லைன்ல இருக்குது. வியாழக்கிழமை கன்வேயர் நின்னு போச்சாம். சீனியருங்க ரெண்டு பேரு பாத்துட்டுக் கையை விரிச்சிட்டாங்களாம். சௌமியாதான் ஒரு ஒயரைப் புடிச்சு ஓட வெச்சுதாம். மேனேஜரே கை தட்டுனாராம்ணே!”

“ம்.”

“நீ கத்துக் குடுத்ததா?”

ரத்தினசாமி டீயை ஊதினார். ஆமாம் என்று சொல்ல நாக்கு வந்தது, வெட்கம் தடுத்தது. இல்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. “சூடு ஜாஸ்தி” என்று டீயைப் பற்றிச் சொன்னார்.

மணி பத்தாகப் போகிறது. தண்ணீர் வந்திருக்கும். முத்துமாரி எந்த நிமிஷமும் கூப்பிடுவாள். போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் கையை விட்டார். போனோடு டெஸ்டரும் வந்தது.

வீட்டில் இருக்கிற ஒரே டெஸ்டர்.

ரத்தினசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு எடுத்தோம்? ஒயரை மாட்டி முடித்ததும் தொட்டுப் பார்ப்பதற்கு. பார்த்தோமா? இல்லை. எந்த ஒயரில் நாடா கட்டினோம்? சிவப்பு டேப் இருந்த ஒயரிலா? டேப்பை உரித்துக் கீழே போட்ட பிறகுதானே நாடாவை எடுத்தோம்? அப்போது கையில் இருந்தது எது? இரண்டும் கறுப்பு. இரண்டும் ஒரே நீளம்.

டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஒயர் இடம் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்தாலும் பெட்டிக்குள் கரண்ட் நிற்கும். மோட்டார் ஓடவில்லை என்றதும் சௌமியா சுவிட்சை அணைப்பாள். அவள் கையால் சரியாக மாட்டிய பெட்டி, அதனால் நம்பித் திறப்பாள். தளர்ந்திருக்கிற ஒயரைப் பார்ப்பாள். அதைப் பிடித்து உள்ளே தள்ளுவாள். சம்ப்பு நிரம்பித் தண்ணீர் வழியும் இடம், வெறும் காலோடு.

மனைவிக்குப் போன் போட்டார்.

“மாரி, தண்ணி வந்துச்சா?”

“வந்து அரை மணி ஆச்சு. மோட்டாருதான் எடுக்கல. சம்ப்பு வழியுது. அந்தப் பொண்ணு பாத்துட்டு இருக்குது.”

“அதை மோட்டார் கிட்டப் போவ வேணாம்னு சொல்லு.”

எதிர்முனையில் முத்துமாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“ஏங்க, ஒரு வாரமா நானும் பாக்குறேன். அது கைல டெஸ்டரு புடிச்சாலே உங்க மூஞ்சி சுருங்குது. இப்ப டீக்கடைல இருந்துகூட அதட்டணுமா? பக்கத்து வூட்டம்மா நிக்கிறாங்க. போனை வைங்க.”

“அடியே, அது இல்லடி, ஒயரு...”

போன் வைக்கப்பட்டுவிட்டது. மறுபடி அடித்தார். அவள் எடுக்கவில்லை. சௌமியாவை நேராகக் கூப்பிடலாம் என்றால் அவள் நம்பர் இவரிடம் இல்லை. எட்டு மாதமாக ஒரே கூரைக்கடியில் இருக்கிற பெண்ணின் நம்பர் இல்லை! வழக்கம், மரியாதை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட அத்தனையும் அந்த நிமிஷம் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

“இன்னா ஆச்சுண்ணே?” என்று கன்னியப்பன் கேட்டபோது அவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு எங்கேயோ விழுந்தது. வேண்டிக்கொள்ளச் சாமி பெயர் எதுவும் ஞாபகம் வரவில்லை. ‘தொடாதே, தொடாதே’ என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது.

வாசலில் கணுக்கால் நனையத் தண்ணீர். அன்வரி பேகம் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி மதிலோரம் நின்றிருந்தாள். முத்துமாரி போனில் லைட்டைப் போட்டுப் பிடித்திருந்தாள். பெட்டியின் மூடி கழன்றிருந்தது. சௌமியா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, “சுவிட்ச் அணைச்சிட்டேன் அக்கா, ஒரு ஒயரு லூஸா இருக்குது பாருங்க, அவ்ளோதான்” என்றபடி கையை நீட்டினாள்.

“சௌமியா! கை வெக்காத!”

தெருவே திரும்பிப் பார்த்தது.

சௌமியாவின் கை பாதியில் நின்றது. கரண்ட் பயத்தில் இல்லை. மாமா தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அதிர்ச்சியில். அவர் இத்தனை நாளில் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

“பின்னாடி வா. பின்னாடி வாம்மா!”

அவள் இரண்டடி பின்னால் வந்தாள். ரத்தினசாமி மூச்சு வாங்க டெஸ்டரை நேராக அவள் கையில் கொடுத்தார். நடுவில் நின்ற முத்துமாரியிடம் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சௌமியா காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, டெஸ்டரால் மட்டும் அந்தத் தளர்ந்த ஒயரைத் தொட்டாள். டெஸ்டரில் விளக்கு எரிந்தது.

“யா அல்லாஹ்!” என்றாள் அன்வரி பேகம்.

முத்துமாரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சௌமியா மட்டும் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். அவள் சுற்றிய சிவப்பு டேப் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு தோல் நாடா இருந்தது. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் மெயினை அணைத்துவிட்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கௌதம் கறிப் பையோடு வண்டியை நிறுத்தினான். முத்துமாரி அழுகையும் படபடப்புமாக நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் சிவந்தது.

“சுவிட்ச் அணைச்ச பிறகும் எப்படிக் கரண்ட் வரும்? யாரு மாட்டுனது இந்தப் பெட்டியை?”

“நான்தான்” என்றாள் சௌமியா. “போன வாரம் அவசரத்துல ஒயரை மாத்திப் போட்டுட்டேன் போல.”

ரத்தினசாமிக்குச் சுரீரென்றது. அவரைக் காப்பாற்றுகிறாள். கோபம் வந்திருக்க வேண்டிய இடத்தில், அக்காவும் அடுத்த வீட்டுக்காரியும் பார்க்க, தன் வேலைமேல் பழியை வாரிப் போட்டுக்கொள்கிறாள். என்ன மனசு அது! அந்த நேரத்திலும் அவருக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, எரிச்சல்தான். இதிலும் இவள்தான் ஜெயிக்க வேண்டுமா?

கௌதம் பையைப் படியில் வீசினான்.

“போதும்! அண்ணன் வரலன்னா இந்நேரம் உன்னைத் தூக்கிட்டுப் போயிருப்போம். தெரியுதா? நான் அன்னைக்கே சொன்னேன், பொம்பளைக்கு எதுக்குக் கரண்ட் வேலைன்னு. அண்ணிதான் கேக்கல. நாளைக்குக் காலைல கம்பெனிக்குப் போய் எழுதிக் குடுத்துட்டு வா. இனிமே நீ ஒரு பல்பு மாட்டக் கூடாது இந்த வூட்டுல.”

“அப்டியெல்லாம் ஒரேயடியாச் சொல்லாதப்பா” என்றாள் முத்துமாரி. அவள் குரலிலேயே பலமில்லை. நடந்ததைப் பார்த்தவள் அவள். அன்வரி பேகமும் தலையை ஆட்டினாள். “ஆமாம்மா, எதுக்கு வம்பு? எங்க வூட்டுக்கு ரத்தினம் அண்ணனே வரட்டும்.”

காலையில் எது வேண்டுமென்று ரத்தினசாமி ஏங்கினாரோ, அது அத்தனையும் அவர் காலடிக்கு வந்துவிட்டது. தெரு திரும்ப வந்துவிட்டது. பெட்டி திரும்ப வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

சௌமியா டெஸ்டரின் மூடியை மாட்டி வைத்தாள். கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுதிருந்தால்கூட அவர் எப்படியோ சமாளித்திருப்பார்.

“கௌதம்” என்றார் ரத்தினசாமி. “அது மேல தப்பு இல்ல. ஒயரை மாத்திப் போட்டது நான்.”

“இன்னாண்ணே சொல்ற?”

“காலைல பெட்டியைத் தொறந்தேன். டேப்பை உரிச்சதும் நான்தான்.”

முத்துமாரி சுவரை விட்டு நிமிர்ந்தாள். பல்லியும் ஸ்க்ரூ டிரைவரும் அவளுக்கு இப்போது புரிந்தன.

“அந்த லூஸ் ஒயரு? அதுவும் தெரியாமத்தான் ஆச்சா?”

பொய் சொல்ல ஒரு நல்ல வாய்ப்பு. மனைவியே கையில் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

“மாத்திப் போட்டது தெரியாம. லூஸ் பண்ணது தெரிஞ்சுதான். மோட்டார் ஓடக் கூடாதுன்னு பண்ணேன்.”

அன்வரி பேகம் சத்தமில்லாமல் தன் வீட்டுப் பக்கம் நகர்ந்தாள். கௌதம் அண்ணனை ஏதோ அந்நிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். அப்பா இல்லாத வீட்டில் சோறு போட்டுப் படிக்க வைத்த அண்ணன். அவன் வாயைத் திறப்பதற்குள் சௌமியா முன்னால் வந்தாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக மாமாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நான் உங்களுக்கு இன்னா மாமா பண்ணேன்?”

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சுலபமாக வந்திருக்கும். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணலம்மா” என்றார் ரத்தினசாமி. பிறகு, அந்தப் பொய்யும் வேண்டாமென்று தோன்றியது. “நல்லா பண்ண. என்னைவிட நல்லா பண்ண. என்னால தாங்க முடியல.”

குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீர் சம்ப்பு நிரம்பித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

“சௌமியா, மேல வா” என்றான் கௌதம். குரல் அமைதியாக இருந்தது. கத்தினபோதுகூட ரத்தினசாமிக்கு இவ்வளவு பயம் வரவில்லை. “துணியை எடுத்து வை. உங்கம்மா வூட்டுக்குப் போறோம்.”

“கௌதம்!” என்று முத்துமாரி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை விடுவித்துக்கொண்டு படியேறினான்.

சௌமியா அவன் பின்னால் போனாள். மூன்றாவது படியில் நின்றாள். மேலே கௌதம் துணிப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. கீழே மாமா வழிகிற தண்ணீரில், ஒற்றைச் செருப்போடு, அவளை நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்.

அவள் மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை.